கையில் அட்டை இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை

தேர்தல் நாளன்று தொலைக்காட்சிச் செய்திகளில் ஒரு காட்சி தவறாமல் வரும். வயதான ஒருவர் தம் வாக்காளர் அடையாள அட்டையைக் கேமராவுக்கு முன்னால் நீட்டியபடி நிற்பார். எத்தனையோ தேர்தல்களாக இதே பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுப் போட்டு வருகிறேன், இந்த முறை பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பார். கூட நிற்கும் மனைவியின் விரலில் மை இருக்கும். அவர் பெயர் இருக்கிறது, இவர் பெயர் மட்டும் காணோம். அதிகாரிகளைக் கேட்டால் விதிப்படிதான் செய்தோம் என்பார்கள். அதுவும் உண்மைதான்.

வாக்களிக்க வருபவர் அடையாளம் காட்டவேண்டுமா என்ற கேள்வியில் அமெரிக்காவும் பிரிட்டனும் இரண்டுபட்டுக் கிடக்கின்றன. இந்தியாவில் அந்த விவாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. கள்ள ஓட்டு என்ற சொல்லைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம்; அட்டையைக் காட்டச் சொல்வது நமக்கு நியாயமாகவே படுகிறது. எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் அந்தப் பெரியவரை வாசலில் நிறுத்தியது அட்டை விதி இல்லையே. அவரிடம் அட்டை இருந்தது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62ஆவது பிரிவு, வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அந்தத் தொகுதியில் வாக்களிக்கும் உரிமை கிடையாது என்கிறது. அட்டையை வைத்து இன்னார் என்று நிரூபிக்கலாம். வாக்குரிமை பட்டியலில் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான், அடையாள விதியைப் பற்றிப் பேசும்போது வாசலையே பார்த்துக்கொண்டு பட்டியலைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம் என்று நினைக்கிறேன்.

மேசைக்கு முன்னால்

சாவடிக்குள் நடப்பதை முதலில் பார்த்துவிடலாம். முதல் வாக்குப்பதிவு அலுவலரிடம் அந்தப் பாகத்தின் வாக்காளர் பட்டியல் இருக்கும். நீங்கள் அட்டையை நீட்டியதும் உங்கள் பெயரையும் வரிசை எண்ணையும் அவர் உரக்கப் படிப்பார். சம்பிரதாயத்துக்காகச் சத்தம் போடுகிறார் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சத்தம் எதிரே வரிசையாக உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர்களுக்கானது. அவர்களிடமும் அதே பட்டியலின் பிரதி இருக்கிறது. பெயரைக் கேட்டு முகத்தைப் பார்த்து, இது அவரில்லை என்று தோன்றினால் அந்த நொடியில்தான் அவர்கள் எழுந்து சொல்லவேண்டும். முகவர் அந்தப் பகுதி வாக்காளராக இருப்பது நல்லது என்று தேர்தல் ஆணையம் நெடுங்காலம் வலியுறுத்தியதற்குக் காரணமே இதுதான். வெளியூர்க்காரருக்கு முகம் தெரியாது.

இரண்டாவது அலுவலர் 17ஏ பதிவேட்டில் உங்கள் வரிசை எண்ணை எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார். காட்டிய ஆவணத்துக்கும் அதில் ஓர் இடம் உண்டு. வாக்காளர் அட்டையைக் காட்டியிருந்தால் அதைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். வேறு ஆவணமென்றால் அதன் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள். பிறகு இடதுகை ஆள்காட்டி விரலில் மை. மூன்றாவது அலுவலர், இரண்டாமவர் தந்த சீட்டை வாங்கிக்கொண்டு கட்டுப்பாட்டுக் கருவியின் பொத்தானை அழுத்துகிறார்.

வாக்காளர் அட்டை கையில் இல்லாதவரும் வாக்களிக்கலாம். 2024 மக்களவைத் தேர்தலில் ஆணையம் ஏற்றுக்கொண்ட மாற்று ஆவணங்கள் 12. ஆதார், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, கடவுச்சீட்டு, படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், அரசு ஊழியர் அடையாள அட்டை, மாற்றுத்திறனாளிகளின் தனித்துவ அட்டை என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. கிராமத்தில் கூலி வேலை செய்யும் பெண்ணிடமும் இவற்றில் ஒன்றாவது இருக்கும் என்ற கணக்கில் போடப்பட்ட பட்டியல் அது. நல்ல கணக்கு.

தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் புழங்கும் குடும்ப அட்டை மட்டும் அதில் இல்லை. ஸ்மார்ட் கார்டு வந்த பிறகு அதில் குடும்பத் தலைவரின் படமும் இருக்கிறது. அதனால் செல்லும் என்று நம்பி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். செல்லாது. வீடுதேடி வந்து கொடுக்கும் பூத் சிலிப்பும் 2019 முதல் தனித்த அடையாள ஆவணமாக ஏற்கப்படுவதில்லை. அதில் பாக எண், வரிசை எண் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அட்டையில் பெயர் எழுத்துப்பிழையோடு இருந்தாலும், தந்தை பெயர் சிதைந்திருந்தாலும், ஆள் அவர்தான் என்று உறுதியானால் அதைப் பெரிதுபடுத்தக் கூடாது என்பது ஆணையத்தின் அறிவுரை. சேலத்தில் வாங்கிய அட்டையோடு கோவைக்குக் குடிபெயர்ந்தவர், கோவைப் பட்டியலில் பெயர் இருந்தால் பழைய அட்டையையே காட்டலாம். படம் பொருந்தாவிட்டால் மட்டும் மாற்று ஆவணம் கேட்பார்கள். வாசலில் இருக்கும் விதி இவ்வளவு நெகிழ்வானது. இந்த நெகிழ்வு ஒரே நாளில் வந்துவிடவில்லை.

இன்னாரின் மனைவி

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தம் பெயரை அந்நிய ஆணிடம் சொல்ல மறுத்தார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதியச் சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. பெயர் இல்லாமல் வாக்காளர் இல்லை என்று சொல்லி, ஏறக்குறைய 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்கினார். அடுத்த தேர்தலுக்குள் அவர்கள் சொந்தப் பெயரோடு வரவேண்டும் என்பது அவர் எண்ணம். தொலைநோக்கில் அது சரியாகவும் இருந்தது. ஆனால் அந்த ஒரு தேர்தலில் 28 லட்சம் பேருக்கு வாக்கில்லை. இந்திய வாக்காளரின் அடையாளச் சிக்கல் தொடக்கத்திலேயே சாவடியில் எழவில்லை, பட்டியலில்தான் எழுந்தது.

அந்தக் காலத்தில் ஆளை அடையாளம் காண இருந்தவை மையும் மனிதர்களும்தான். வெள்ளி நைட்ரேட் கலந்த மையை 1962 முதல் மைசூரிலுள்ள அரசு நிறுவனம் தயாரித்துத் தருகிறது. ஒருவர் இரண்டு முறை வாக்களிப்பதை மை தடுக்கும். இன்னொருவர் பெயரில் முதல் முறையாக வாக்களிப்பதைத் தடுக்காது. அதற்கு முகம் தெரிந்த ஆள் வேண்டும். கிராமத்தில் அது கர்ணமாக, மணியக்காரராக, கட்சி முகவராக இருந்தது. ஊரே ஒருவரையொருவர் அறிந்திருந்ததால் இந்த முறை ஓடியது என்று பெருமையாகச் சொல்வார்கள். ஊரை அறிந்தவர் யார், அவர் எந்தத் தெருக்காரர் என்றும் கேட்கவேண்டும். சேரியிலிருந்து வரும் ஒருவரை, உன் ஓட்டைப் போட்டாயிற்று, போ என்று சொல்லித் திருப்பி அனுப்பும் அதிகாரமும் அந்த அறிமுகத்திலிருந்துதான் வந்தது.

படம் ஒட்டிய அட்டை என்ற யோசனை பழையது. 1960இல் கல்கத்தாவின் ஒரு மக்களவைத் தொகுதி இடைத்தேர்தலில் பரிசோதித்துப் பார்த்தார்கள். பல மாதங்கள் அலைந்தும் எல்லோரையும் படமெடுக்க முடியவில்லை. பெண்கள் பலர் கேமராவுக்கு முன்னால் வர மறுத்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 1979இல் சிக்கிம் சட்டமன்றத் தேர்தலில் மீண்டும் எடுத்தார்கள். சின்ன மாநிலம், முடிந்தது. பிறகு வடகிழக்கின் சில மாநிலங்களில் தொடர்ந்தது.

நாடு முழுவதற்கும் என்று அதைத் துணிந்து எடுத்தவர் டி.என். சேஷன். பாலக்காட்டில் பிறந்து, தமிழ்நாடு பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து, 1990 டிசம்பரில் தலைமைத் தேர்தல் ஆணையரானவர். 1993 ஆகஸ்ட் 28 அன்று எல்லா வாக்காளர்களுக்கும் படத்துடன் கூடிய அட்டை வழங்க உத்தரவிட்டார். செலவு தாங்காது என்று மாநில அரசுகள் முனகின. 1995 ஜனவரி 1க்குப் பிறகு அட்டை இல்லாத மாநிலத்தில் தேர்தலே நடத்தமாட்டேன் என்று சேஷன் கெடு வைத்தார். விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அட்டை வழங்காததைக் காரணமாகச் சொல்லி மக்களின் வாக்குரிமையை மறுக்க முடியாது என்ற நிலை அங்கே உறுதியானது.

சேஷனைப் பற்றி நாம் சொல்லும் கதைகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அவருடைய பிடிவாதம் இல்லாவிட்டால் அட்டை வந்திருக்காது. ஆனால் பிடிவாதத்துக்கு நீதிமன்றம் போட்ட அந்த ஒரு கட்டுதான் இன்றைய ஏற்பாட்டை மனிதத்தன்மை உள்ளதாக்கியது என்பேன். அட்டையைக் கேட்கும் உரிமை அரசுக்கு வரவேண்டுமானால், முதலில் அட்டையைக் கொடுக்கும் கடமையை அது முடித்திருக்கவேண்டும். முகாம் போட்டுப் படமெடுத்து, இலவசமாக வழங்கி, கிடைக்காதவர்களுக்கு மாற்று ஆவணங்களையும் அறிவித்த பிறகுதான் 2000களில் அடையாளம் காட்டுவது கட்டாயமானது. 2009 மக்களவைத் தேர்தலில் அசாம், நாகாலாந்து, ஜம்மு காஷ்மீர் தவிர மற்ற இடங்களில் பட்டியலிலேயே வாக்காளரின் படம் அச்சாகிவிட்டது.

அந்த முதல் அட்டைகளின் கறுப்பு வெள்ளைப் படத்தில் சொந்தக்காரரையே அடையாளம் தெரியாது என்பது பலருக்கு நினைவிருக்கும். இருந்தாலும் ஏராளமான கிராமத்துப் பெண்களுக்குத் தம் பெயரும் முகமும் சேர்ந்து வந்த முதல் அரசு ஆவணம் அதுதான். மணியக்காரர் தலையாட்டினால்தான் நீ நீயே என்றிருந்த காலம் அதோடு முடிந்தது. அடையாள விதியை எதிர்ப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

இரண்டு ரூபாய் ஆட்சேபணை

அட்டை இருந்தும் ஆளைச் சந்தேகித்தால் என்ன செய்வது? 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 49ஜே என்ற விதி இருக்கிறது. முகவர் இரண்டு ரூபாய் ரொக்கமாகக் கட்டி ஆட்சேபணை தெரிவிக்கலாம். தலைமை அலுவலர் அங்கேயே சுருக்கமாக விசாரிப்பார். ஆள்மாறாட்டத்துக்கு ஓராண்டு வரை சிறை என்பதை வந்தவருக்கு எச்சரித்துச் சொல்வார். ஆட்சேபணை நிரூபணமானால் அவரைப் போலீசில் ஒப்படைப்பார். ஆதாரம் இல்லாவிட்டால் வந்தவர் வாக்களிக்கலாம். வீண் ஆட்சேபணை என்று தெரிந்தால் கட்டிய பணம் போய்விடும்.

இந்த உரிமையை எப்படித் தவறாகப் பயன்படுத்தலாம் என்பதை மதுரை மாவட்டம் மேலூரில் பார்த்தோம். 2022 பிப்ரவரி 19, நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். ஹிஜாப் அணிந்து வந்த பெண் வாக்காளரைப் பார்த்து, அதைக் கழற்றினால்தான் வாக்களிக்க விடவேண்டும் என்று பா.ஜ.க. முகவர் ஒருவர் சத்தம் போட்டார். முகம் தெரியும் உடை அது. அடையாளத்துக்கு எந்தத் தடையும் இல்லை. தி.மு.க., அ.தி.மு.க. முகவர்கள் சேர்ந்து எதிர்த்தார்கள். வாக்குப்பதிவு சிறிது நேரம் தடைப்பட்டது, ஆட்சேபித்தவர் வெளியேற்றப்பட்டார். முகத்தை மறைத்து வரும் பெண்களுக்கும் விதிகளில் வழி இருக்கிறது: பெண் அலுவலர் ஒருவர் மறைவான இடத்தில் முகத்தைப் பார்த்து உறுதி செய்வார். மேலூரில் அந்த அளவுக்குத் தேவையே எழவில்லை. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கவனிக்கும் இந்த ஏற்பாடு, அட்டையைவிடப் பெரிய பாதுகாப்பு என்பதற்கு அந்தக் காலைப்பொழுதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

நீங்கள் போவதற்கு முன்பே உங்கள் பெயரில் யாரோ வாக்களித்துவிட்டிருந்தால் 49பி (49P) விதி வரும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திரைப்படம் இதை வீட்டுக்கு வீடு தெரியவைத்தது. நீங்கள் உண்மையான வாக்காளர் என்று தலைமை அலுவலர் திருப்தியடைந்தால், ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு என்ற காகிதச் சீட்டைத் தருவார். இயந்திரத்தில் வாக்களிக்க முடியாது. 17பி (17B) படிவத்தில் கையெழுத்திட்டு, சீட்டில் முத்திரை குத்தி, மடித்துக் கொடுக்கவேண்டும். அது தனி உறைக்குள் போகும். படத்தில் பார்த்ததை வைத்து அது உடனே எண்ணப்படும் என்று நினைப்பவர்கள் உண்டு. வாக்கு எண்ணும் நாளில் அந்த உறையைத் திறக்கமாட்டார்கள். வெற்றி வித்தியாசம் மிகக் குறைந்து, வழக்கு தொடுக்கப்பட்டு, நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் அதற்கு உயிர்.

அப்படிப்பட்ட வழக்குகளும் வந்திருக்கின்றன. 2008 ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸின் சி.பி. ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றார். ஆய்வுக்குரிய வாக்குகள் பற்றிய அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021இல் சென்னை தியாகராய நகர்த் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 137தான்.

எந்த அட்டை என்பதே கேள்வி

பிற நாடுகளின் அனுபவம் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. அட்டை கேட்பதா வேண்டாமா என்பதைவிட, எந்த அட்டையைக் கேட்கிறார்கள் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. 2011இல் டெக்சாஸ் மாநிலம் கொண்டுவந்த சட்டத்தில் கைத்துப்பாக்கி உரிமம் செல்லும், மாநிலப் பல்கலைக்கழக மாணவர் அட்டை செல்லாது. பிரிட்டனின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூத்தோருக்கான பஸ் பாஸ் செல்லும், இளைஞர்களின் பயண அட்டை செல்லாது. அந்தச் சட்டப்படி 2023 மே மாதம் இங்கிலாந்தில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் குறைந்தது 14,000 பேர் அடையாளம் இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி வரவே இல்லை. விதியை எழுதுகிறவருக்கு யார் வெளியே நிற்பார்கள் என்பது முன்கூட்டியே தெரியும். அதனால்தான் அந்த நாடுகளில் சண்டை ஓயவில்லை. நம் நாட்டின் நீண்ட மாற்று ஆவணப் பட்டியல் அந்தச் சண்டையிலிருந்து நம்மைக் காப்பாற்றியிருக்கிறது.

இலங்கையிலும் அடையாளம் காட்டுவது 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டாயம். அங்கே எல்லாவற்றுக்கும் அடிப்படை தேசிய அடையாள அட்டை. அதற்கு அடிப்படை பிறப்புச் சான்றிதழ். மலையகத் தோட்டங்களில் லயன் அறையில் பிறந்து, பதியப்படாமலே வளர்ந்தவர்கள் ஆட்பதிவுத் திணைக்களத்தின் படியேறும்போதுதான் தங்கள் பிறப்புக்கே சான்றில்லை என்பதை அறிகிறார்கள். குடியுரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடிய சமூகம் அது. தேர்தலுக்கு முன்பு கிராம அலுவலர் வழியாகத் தற்காலிக அடையாள அட்டை வழங்கும் ஏற்பாடு இருப்பதால் பலர் தப்பிக்கிறார்கள். கால அவகாசத்துக்குள் படத்தைக் கொடுக்காதவருக்கு அதுவும் இல்லை.

திருட்டு இடம் மாறிவிட்டது

இனி நம் பட்டியலுக்கு வருவோம். பழைய காலத்துப் பெரிய மோசடி, கும்பலாக வந்து சாவடியைக் கைப்பற்றிக் கட்டுக்கட்டாக முத்திரை குத்துவது. அதை அட்டையால் தடுத்திருக்க முடியாது. 1989இல் சாவடிக் கைப்பற்றலைத் தனிக் குற்றமாக்கிய சட்டம், துணை ராணுவப் படை, வாக்கு இயந்திரம், கேமரா ஆகியவை சேர்ந்து தடுத்தன. அட்டை தடுப்பது ஒருவர் இன்னொருவராக வந்து நிற்பதை மட்டும். ஒரு தொகுதியின் முடிவை மாற்றும் அளவுக்கு அதைச் செய்ய நூற்றுக்கணக்கான ஆட்களும், எதிர்க்கட்சி முகவர்களின் மௌனமும் தேவை. பட்டியலில் கைவைக்க அவ்வளவு ஆட்கள் தேவையில்லை.

2023 கர்நாடகச் சட்டமன்றத் தேர்தலுக்கு முன் ஆலந்த் தொகுதியில் நடந்ததைப் பாருங்கள். வாக்காளர் பெயரை நீக்கக் கோரும் படிவம் 7 இணையவழியில் 6,018 வந்து குவிந்தது. சரிபார்த்தபோது அதில் 24 மட்டுமே உண்மை என்று தெரிந்தது. மீதி 5,994 பேர், தங்கள் பெயரை நீக்க யாரோ விண்ணப்பித்திருப்பதே தெரியாமல் இருந்தார்கள். உள்ளூர் அலுவலர்கள் விழித்துக்கொண்டதால் பெயர்கள் தப்பின, போலீசில் புகாரும் பதிவானது. அவர்கள் அசட்டையாக இருந்திருந்தால், ஆயிரக்கணக்கானவர்கள் அசல் அட்டையோடு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள். அடையாள விதி அவர்களுக்கு எந்த உதவியும் செய்திருக்காது.

கெட்ட எண்ணம் இல்லாமலும் பெயர்கள் போகின்றன. 2015 மார்ச்சில் ஆணையம் வாக்காளர் பட்டியலோடு ஆதாரை இணைக்கத் தொடங்கியது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் பணி நின்றது. அதற்குள் 30 கோடிக்கு மேற்பட்டோரின் எண்கள் இணைக்கப்பட்டிருந்தன. தெலங்கானாவில் 2018 சட்டமன்றத் தேர்தல் நாளன்று லட்சக்கணக்கானவர்கள் தங்கள் பெயரைக் காணாமல் தவித்தார்கள். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2021 டிசம்பரில் நாடாளுமன்றம் ஆதார் இணைப்புக்குச் சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. அது கட்டாயமில்லை என்று 2023இல் ஆணையம் உச்ச நீதிமன்றத்தில் சொன்னபோது 66 கோடிக்கு மேற்பட்ட எண்கள் ஏற்கெனவே பதிவேறியிருந்தன.

ஆதார் குடியுரிமைச் சான்று ஆகாது என்று ஆதார் சட்டத்தின் 9ஆவது பிரிவே சொல்கிறது. தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் முகாம்களில் வசிப்பவர்களிடம் ஆதார் இருக்கிறது, வாக்கு இல்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண், உயர் நீதிமன்றம் சென்று இந்தியக் கடவுச்சீட்டு பெற்ற பிறகு 2024இல்தான் முதன்முறையாக வாக்களித்தார். இன்னார் என்று காட்டுவது ஒன்று, குடிமகன் என்று காட்டுவது வேறு. இந்த இரண்டாவது கேள்வி 2025இல் பட்டியலுக்குள் நுழைந்தது.

அந்த ஆண்டு ஜூன் 24 அன்று பீகாரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் அறிவிக்கப்பட்டது. இன்று எல்லோர் வாயிலும் எஸ்.ஐ.ஆர். முதலில் ஏற்கப்பட்ட 11 ஆவணங்களில் ஆதார் இல்லை, குடும்ப அட்டை இல்லை, ஆணையமே வழங்கிய வாக்காளர் அட்டையும் இல்லை. திருத்தப்படும் பட்டியலிலிருந்து பிறந்ததுதான் அட்டை, அதையே சான்றாக ஏற்பது எப்படி என்பது ஆணையத்தின் வாதம். தர்க்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் முப்பதாண்டுகளாக இதுதான் உன் அடையாளம் என்று சொல்லிக் கொடுத்த அரசு, அதே அட்டையை ஒதுக்கித் தள்ளும்போது சாமானியர் எதை நம்புவார்? ஆகஸ்ட் 1 வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் இல்லை. அந்தப் பெயர்களைக் காரணத்தோடு வெளியிடச் செய்யவும், ஆதாரை அடையாள ஆவணமாக ஏற்கச் செய்யவும் உச்ச நீதிமன்றம் தலையிடவேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் நவம்பர் 4 அன்று கணக்கெடுப்புப் படிவங்கள் வீடுகளுக்கு வரத் தொடங்கின. 6.41 கோடி வாக்காளர்கள் இருந்த பட்டியல், டிசம்பர் 19 வரைவில் 5.43 கோடியாகக் குறைந்தது. விடுபட்ட 97 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்களில் ஏறத்தாழ 27 லட்சம் இறந்தவர்கள், 3 லட்சத்துக்கு மேல் இரட்டைப் பதிவுகள். இவை போகவேண்டியவைதான், இறந்தவர் பெயர் பட்டியலில் இருப்பது கள்ள ஓட்டுக்கு அழைப்பு. மீதி 66 லட்சத்துக்கு மேல் இடம் மாறியவர்கள் அல்லது வீட்டில் காணப்படாதவர்கள். இந்தக் கடைசி வகைதான் என்னை உறுத்துகிறது. காலை ஏழு மணிக்குக் கட்டட வேலைக்குப் போய் இரவு திரும்பும் வாடகை வீட்டுக் குடும்பம், வாக்குச்சாவடி நிலை அலுவலர் வரும் நேரத்தில் பூட்டிய கதவாகத்தான் தெரியும். சொந்த வீட்டுக்காரருக்கு இந்த ஆபத்து குறைவு.

சட்டம் இதைப் பற்றி நல்லதையே சொல்கிறது. ஒருவர் இறந்துவிட்டார் என்பது தவிர வேறு காரணத்துக்காகப் பெயரை நீக்குமுன் அவர் தரப்பைக் கேட்கவேண்டும். 1995இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் பெயர் முறைப்படிதான் சேர்க்கப்பட்டது என்ற அனுமானத்தோடு தொடங்கவேண்டும் என்றது. நீக்கியதை எதிர்த்து மாவட்ட ஆட்சியரிடமும், பிறகு தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் இவையெல்லாம் நீக்கப்பட்டது தெரிந்தவருக்கே பயன்படும். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு பட்டியல் மூடப்படுகிறது. பெரும்பாலானவர்களுக்கு விவரம் தெரிவது வாக்குப்பதிவு நாளன்று, அந்த மேசைக்கு முன்னால். அப்போது எந்தக் கதவும் திறந்திருக்காது.

அங்கே ஒரு கதவு வேண்டும் என்பதே என் வாதம். 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃபுளோரிடா மாநிலம் குற்றவாளிகள் என்று நீக்கிய பெயர்களில், தகுதியுள்ள பலரின் பெயர்களும் சேர்ந்துபோயிருந்தன. அடுத்த இரண்டாண்டில் அமெரிக்கா நாடு தழுவிய சட்டம் இயற்றியது. பட்டியலில் பெயர் இல்லாதவரும் தாம் தகுதியானவர் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் தற்காலிக வாக்கு அளிக்கலாம். அது தனி உறையில் இருக்கும். அலுவலர்கள் பிறகு ஆவணங்களைச் சரிபார்த்து, தவறாக நீக்கப்பட்டவர் என்றால் எண்ணுவார்கள், இல்லையென்றால் ஒதுக்குவார்கள்.

நம் நாட்டில் வாக்கைத் திருட்டுக் கொடுத்தவருக்கு 49பி சீட்டு உண்டு. பெயரையே பறிகொடுத்தவருக்கு ஒன்றுமில்லை. நடைமுறைக்கு ஒவ்வாது, எண்ணிக்கை தாமதமாகும் என்பார்கள். தபால் வாக்குகளைத் தனியாகத்தான் எண்ணுகிறோம். ஒரே காகித உறையை நீதிமன்றக் காவலில் ஆண்டுக்கணக்காக வைத்துக் காக்கவும் தெரிந்திருக்கிறோம். எல்லோரும் இதைச் சாக்காக வைத்து வந்து நிற்பார்கள் என்ற அச்சத்துக்கும் விடை உண்டு. செல்லத்தக்க வாக்காளர் அட்டையும், முந்தைய பட்டியலில் பெயர் இருந்ததற்கான பதிவும் உள்ளவருக்கு மட்டும் என்று வரம்பு வைக்கலாம். முந்தைய பட்டியல் ஆணையத்தின் கணினியிலேயே இருக்கிறது. இப்போதே ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் அனுப்பும் பொருள்களில் 20 ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டுகள் இருக்கின்றன; அவற்றுக்கான உறையும் படிவமும் இருக்கின்றன. இன்னொரு கட்டுச் சீட்டைச் சேர்ப்பது ஆணையத்துக்குச் சிரமமில்லை. ஆனால் 62ஆவது பிரிவில் அதற்கு ஒரு விலக்கு எழுதப்பட வேண்டும், அதை நாடாளுமன்றம்தான் எழுத முடியும்.